பதினேழாம் பக்கத்துக் கோடு

ஒத்தைக்கோடு தன் ஸ்கெட்ச் புத்தகத்தின் அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தபோது அங்கே ‘மௌனம்’ இருந்திருக்க வேண்டும். ‘முதுகு பதினைந்தரை, கை முழுசு, காலர் சின்னது, அவசரம்’ என்று இருந்தது.

“அம்மா!”

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை.

“அம்மான்னு கூப்பிட்டது காதுல விழுதா?”

“விழுது. ஊசி ஓடும்போது தலையைத் தூக்கினா விரல்ல ஏறிடும். அங்கிருந்தே சொல்லு.”

அங்கிருந்தே சொல்கிற விஷயமா இது? புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் பாய்ந்தான். அந்த அறைதான் அம்மாவின் தையல் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, பாதி இழுத்த திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் ஒரு பார்சல் வேன் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மேலே சீருடைச் சட்டை, மடிப்புக் கலையாமல். கீழே அம்மா கொடுத்த பூப்போட்ட ஜன்னல் துணி. அவருடைய பேண்ட்தான் மெஷினில் இருந்தது.

“என் புத்தகத்துல எழுதினது யாரு?”

“நான்தான். அளவு நோட்டு போன வாரம் முடிஞ்சுபோச்சு. இதுல நிறையப் பக்கம் வெள்ளையா கிடந்துச்சு.”

“அது வெள்ளை இல்லம்மா. வெறுமை!”

“சரி, வெறுமையா கிடந்துச்சு. எழுதினேன்.”

அவன் படிப்பது ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மற்றவர்கள் குதிரை, குடிசை, முகம் என்று கேன்வாஸை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஒரு படத்துக்கு ஒரு கோட்டுக்கு மேல் போடமாட்டேன் என்று நின்றவன். அதனால் வந்த பெயர்தான் ஒத்தைக்கோடு. குறைத்து வரைவதுதான் கலை என்பான். நிறத்தைக் குறைத்தான், உருவத்தைக் குறைத்தான், கல்லூரியில் நண்பர்களும் தானாகக் குறைந்தார்கள். கோபத்தை மட்டும் குறைக்க முடியவில்லை.

“இன்னிக்கு ரெண்டு மணிக்கு மதிப்பீடு! இந்தப் புத்தகத்தைத்தான் மேடம் முதல்ல கேப்பாங்க. நான் என்ன காட்டறது? காலர் சின்னதுன்னா?”

மேடம் என்பவர் ஓவியப் பிரிவின் பேராசிரியை. போன மதிப்பீட்டில் அவனுடைய வெள்ளைக் கேன்வாஸின் முன் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுச் சொன்னார்: “இதுல ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாம இருக்கறதுக்கும் உழைக்கணும். உழைச்சேன்னு புத்தகத்துல காட்டு. அடுத்த தடவையும் இப்படியே வந்தா உன்னை விளம்பரப் பலகைப் பிரிவுக்கு மாத்திடுவேன்.”

விளம்பரப் பலகை! ஒற்றைக் கோட்டுக்காக உயிரை விடுகிறவன் பற்பசைப் படம் வரைவதா? அன்றைக்கே ஒரு விரதம் தொடங்கினான். தினம் காலையில் எழுந்தவுடன், பல்கூட விளக்காமல், அம்மாவின் வெட்டுமேசையில் புத்தகத்தை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே ஒரு கோடு. மூடிய கண்ணோடே புத்தகத்தையும் மூடி, ரப்பர் பேண்டைப் போட்டு, பென்சிலைச் செருகி அங்கேயே வைத்துவிடுவான். நாற்பது நாள் முடிகிறவரை வரைந்ததைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மூளை உள்ளே புகுந்துவிடுமாம்.

நாற்பதாம் நாள் பார்த்தான். நாற்பத்தொரு கோடுகள் இருந்தன. ஏதோ ஒரு காலையில் தன்னை மறந்து இரண்டு முறை வரைந்திருக்கிறோம் என்று அவனுக்குப் புல்லரித்துப்போனது.

நாற்பது கோடுகள் நாற்பது கோடுகளாகத்தான் இருந்தன. பதினேழாம் பக்கத்தில் இருந்தது மட்டும் வேறு. மேலிருந்து நிதானமாக இறங்கி, மெல்ல வெளியே சரிந்து, ஓரிடத்தில் சட்டென்று சிறிது உள்ளே மடங்கி, மறுபடி வெளியே வந்து, கீழே போய்த் தேய்ந்து முடியும். யாரோ குனிந்து அழுவது போலிருந்தது. ‘இழப்பு’ என்று பெயர் வைத்தான். மேடத்திடம் காட்டினான். மேடம் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இந்த இடத்துல கோடு ஒரு நொடி தயங்குது பாரு. இந்தத் தயக்கத்தை யோசிச்சு வரைய முடியாது. இதைப் பெரிசா பண்ணு.”

பண்ணினான். ஆறடிக் கேன்வாஸ். ஆறு வாரம். முப்பத்தெட்டு பூச்சு வெள்ளை. நடுவில் அந்தக் கோடு. படம் தயார். பதினேழாம் பக்கத்தைப் பிளேடால் பதமாகப் பிரித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோப்பில் பத்திரமாக வைத்திருந்தான். மிச்சப் புத்தகத்தையும் கொண்டுபோய்க் காட்டினால் போதும். அந்த மிச்சத்தில்தான் காலர் சின்னது.

“அழிச்சுடு. அவ்வளவுதானே?” என்றாள் அம்மா.

அழித்தான். அது துணியில் குறிக்கிற நீல மெழுகுப் பென்சில். ரப்பர் பட்டதும் எழுத்தெல்லாம் ஒன்றுசேர்ந்து பக்கத்தின் நடுவில் ஒரு மழைமேகமாயின.

“போகலையேம்மா!”

“சலவைக்கே போகாதுடா அது. அதுக்காகத்தானே அதை வாங்கறேன்.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீ முதல்லயே கேட்டியா? கத்தினே.”

ஸ்டூலிலிருந்து டிரைவர் தொண்டையைச் செருமினார். “அக்கா, என் பேண்ட்டு...”

“ஆகுது டிரைவரே.”

“ரெண்டு மாசமா ஆகுதுன்னுதான் சொல்றீங்க. இன்னிக்கு மூணு மணிக்கு மேலதிகாரி வர்றார். சீருடை சரியா இல்லாட்டி வண்டியைத் தொடாதேங்கறாங்க.”

“நான் என்ன சும்மாவா இருக்கேன்? ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சாச்சு. உங்க முன்பக்க வளைவு ஒரு தாள்ல இருந்தது, அதைக் காணோம். வீட்டையே புரட்டிட்டேன். இப்ப குத்துமதிப்பா தைக்கறேன். குத்துமதிப்புக்கு அடங்கற உடம்பா உங்களுது?”

“அதைத்தான் மறுபடி அளந்துக்கங்கன்னு சொல்றேன்!”

“கம்பியை உடம்பு மேல வளைச்சு எடுக்க ஒரு மணி நேரம் ஆடாம நிப்பீங்களா? அன்னிக்கு நின்ன லட்சணம் எனக்குத் தெரியும்.”

ஒத்தைக்கோட்டுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனிதனின் கலை வாழ்க்கை மேகம் படிந்து கிடக்கிறது. இவர்கள் பேண்ட் பேசுகிறார்கள். வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை எடுத்து மேகத்தின் மேல் ஒரு பூச்சு பூசினான். நீலம் எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சு. தாள் ஈரத்தில் அப்பளமாய்ப் புடைத்தது.

“காய மாட்டேங்குது!”

“கொண்டா” என்று பிடுங்கினாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் ஈரம், சுருக்கம் இரண்டுக்கும் ஒரே மருந்து. அவன் “வேணாம்மா” என்று வாயெடுப்பதற்குள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்து அழுத்திவிட்டாள்.

சூடு பட்ட அக்ரிலிக் பசையாகிவிடும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். ‘மௌன’மும் கூடவே எழுந்து வந்தது. பாதி பெட்டியின் அடியில், பாதி புத்தகத்தில்.

“ஐயோ!” என்றான் அவன்.

“ஐயோ!” என்றாள் அம்மா, பெட்டியின் அடியைப் பார்த்து. அவள் அழுதது பெட்டிக்காக.

“உன் பெட்டிதான் உனக்குப் பெரிசா? கிழிஞ்சது என் உழைப்பும்மா!”

“இந்தப் பெட்டிதான்டா உன்னைப் படிக்க வைக்குது!”

உண்மையைச் சொன்னால் அவனுக்குக் கோபம் இரண்டு மடங்காகும். மிச்சமிருந்த கிழிசலைப் புத்தகத்திலிருந்து பிடித்து இழுத்தான். மடித்துக் கோத்த புத்தகத்தில் ஒரு தாளை இழுத்தால் அதன் ஜோடித் தாளும் கூடவே வரும் என்பது மூன்று வருஷம் ஸ்கெட்ச் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா? தெரியும். கோபத்துக்குத் தெரியாது. ஜோடி வந்தது, ஜோடியின் அண்டை வீட்டார் வந்தார்கள், பதினாறு தாள்கள் தரையில் பரவின.

பொறுக்கியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ‘தனிமை’யின் கீழ்ப்பாதியைக் காணவில்லை. கோட்டோடு கோடாக, பிசிறில்லாமல், கத்தரி வேலை.

“இது?”

அம்மா எட்டிப் பார்த்தாள். “அது சட்டைக் காலருக்கு எடுத்தேன். அச்சுல வார்த்த மாதிரி பொருந்துச்சு.”

“வெட்டியிருக்கே! என் கோட்டை வெட்டியிருக்கே!”

“கோட்டை எங்கடா வெட்டினேன்? கோட்டு மேல வெட்டினேன். ஒருத்தர் கோடு போட்டிருந்தா வெட்டறதுக்குத்தான் போட்டிருக்கார்னு அர்த்தம். வேற எதுக்குக் கோடு போடுவாங்க?”

மூன்று வருஷத்தில் எந்தப் பேராசிரியரும் அவனிடம் இவ்வளவு கடினமான கேள்வி கேட்டதில்லை. அவன் வெட்டுமேசையை ஓங்கி அறைந்தான். மேசையில் குண்டூசி டப்பா திறந்திருந்தது.

கையிலிருந்து ஊசிகளைப் பிடுங்குகிற வேலையை அம்மாதான் செய்தாள், ஒவ்வொன்றாக, திட்டிக்கொண்டே. “கோபம் வந்தா மேசை எதுன்னு தெரியாதா? ஆட்டாதே. வலிக்குதா? வலிக்கட்டும்.” கடைசி ஊசியைப் பிடுங்கியதும் புத்தகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

“கொடு. தைச்சுத் தர்றேன்.”

“வேணாம்.”

“பேண்ட்டுக்குப் போடற தடி நூல். ஆனை இழுத்தாலும் பிரியாது. கொடுடா.”

டிரைவர் எழுந்து நின்றார். ஜன்னல் துணி நழுவப் பார்த்தது, பிடித்துக்கொண்டார். “அக்கா! என் பேண்ட்டை எடுத்துட்டு மெஷின்ல நோட்டைப் போடறீங்களா? நியாயமா இது?”

“பிள்ளை பரீட்சை டிரைவரே!”

“என் பொழப்பு அக்கா!”

“ரெண்டு பேரும் கத்தினா நான் எந்திரிச்சு உள்ள போய்ப் படுத்துடுவேன்.”

இரண்டு பேரும் வாயை மூடினார்கள். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தாள்களை அடுக்கி, அட்டையோடு சேர்த்துப் பிடித்து, பெரிய ஊசி போட்டு ஒரு ஓட்டு ஓட்டினாள். அதன் மேல் இன்னொரு ஓட்டு. தையல் உறுதி என்றால் அப்படி ஒரு உறுதி. என்ன, ஓரத்தில் ஒன்றரை அங்குலம் தையலுக்குள் போய்விட்டதில் பாதிக் கோடுகளுக்குத் தொடக்கம் இல்லாமல் போயிற்று. அட்டை வேறு தலைகீழ். முதல் பக்கம் கடைசியில் வந்தது.

அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். திட்டுவதற்கு வார்த்தை தேடினான். எல்லாம் காலையிலேயே செலவாகிவிட்டிருந்தன.

அப்போது கைப்பேசி அடித்தது. கேன்வாஸை ஏற்றிப்போக வண்டி கொண்டுவருவதாகச் சொன்ன வகுப்புத் தோழன். மாமா வண்டியைத் தரமாட்டேனென்றுவிட்டாராம். மணி ஒன்று.

ஆறடிக் கேன்வாஸ் பின்னறையில் சுவரோரம் நின்றது. பஸ்ஸில் ஏறாது. தலையில் சுமந்தால் காற்று தூக்கிப் போய்விடும். ஒத்தைக்கோடு கதவில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

டிரைவர் அவனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு, தன்மேலேயே எரிச்சல்பட்டவராக, “வெளிய என் வேன் நிக்குது” என்றார்.

“நிஜமாவா அண்ணே?”

“அண்ணனும் வேணாம் தம்பியும் வேணாம். அக்கா, நீங்களும் வண்டியில ஏறுங்க. போற வழியில கையாலயே இடுப்புப்பட்டியை முடிக்கறீங்க. முடிக்காம இறங்க விடமாட்டேன்.”

அப்படித்தான் போனார்கள். பின்னால் பார்சல்களுக்கு நடுவே ‘இழப்பு’. முன்னால் ஜன்னல் துணி கட்டிய டிரைவர், நடுவில் மடியில் பேண்ட்டும் வாயில் நூலுமாக அம்மா, ஓரத்தில் புத்தகத்தையும் கோப்பையும் மார்போடு அணைத்தபடி மகன். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா விரலில் குத்திக்கொண்டாள். ஒவ்வொரு குத்துக்கும் டிரைவரைத் திட்டினாள். டிரைவர் சாலையைத் திட்டினார். மகன் பொதுவாக எல்லாரையும் திட்டினான்.

“என் வாழ்க்கையில உன் கை படாத ஒண்ணாவது இருக்காம்மா?”

“இருக்கு. உன் வாய்.”

கல்லூரி வாசலில் வேனின் மறைவில் நின்று டிரைவர் பேண்ட்டைப் போட்டார். மேலே ஏறியது. மூடவில்லை. பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அம்மா இருக்கிற ஊக்குகளையெல்லாம் போட்டுப் பார்த்தாள். கடைசியில் பெல்ட்டை இறுக்கி, ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

“ஒரு கையால பிடிச்சுட்டு நான் எப்படி வண்டி ஓட்டறது?”

“இப்ப ஒரு கையால கேன்வாஸைப் பிடிங்க. அதை அப்புறம் பாக்கலாம்.”

மூன்று பேருமாகத் தூக்கிப் போய் மதிப்பீட்டு அறையில் மாட்டியபோது மணி இரண்டடித்தது. மேடம் உள்ளே வந்தார். அறையின் நடுச்சுவரில் யார் படம் தொங்குவது என்று அன்றைக்குத்தான் முடிவு. நடுச்சுவர் கிடைத்தவன் ஓவியப் பிரிவில் நிரந்தரம். அடுத்த வருஷம் பற்பசைப் பயம் இல்லை.

“புத்தகம்?” என்று கை நீட்டினார்.

கொடுத்தான். மேடம் திறந்தார். தலைகீழாக இருந்தது. திருப்பினார். பின்னாலிருந்து வந்தது. விரித்துப் பிடித்தார், தடி நூல் விடவில்லை, பட்டென்று மூடிக்கொண்டது.

“இது என்ன, காலர் சின்னது?”

அவ்வளவுதான். காலையிலிருந்து அடைத்து வைத்த அணை உடைந்தது.

“எங்கம்மா மேடம்! அதோ நிக்கறாங்களே, அவங்கதான்! என் வெறுமையில அளவு எழுதினாங்க. மௌனத்தை இஸ்திரி போட்டாங்க. தனிமையைக் காலருக்கு வெட்டினாங்க. அவங்களுக்குக் கோடுன்னா என்னன்னே தெரியாது மேடம்! கோடுன்னா கத்தரி, கத்தரின்னா துணி, அவ்வளவுதான். மூணு வருஷமா நான் என்ன பண்றேன்னு ஒரு நாள் கேட்டதில்ல. இந்தப் புத்தகத்துல அவங்க கை படாம தப்பிச்சது ஒண்ணே ஒண்ணுதான்!”

கோப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையை உருவி, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான். பதினேழாம் பக்கம்.

அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த நூல்கண்டு விழுந்து, தரையில் நீளமாக உருண்டு போனது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மகன் முகம் சிவந்து, கண்ணோரம் ஈரம் கட்டி நிற்பதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“நல்லா வந்திருக்குடா” என்றாள். காலையிலிருந்து கேட்காத குரல்.

“இப்ப சொல்லு! இப்ப வந்து சொல்லு!” அதற்கும் கத்தினான்.

“வாங்க டிரைவரே, நாம கிளம்பலாம்” என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. சுவரிலிருந்த ஆறடிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் இதில் எதையும் கவனிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேன்வாஸின் அருகில் போயிருந்தார். கோட்டின் மேல் படாமல் விரலை இறக்கிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தினார்.

“இதோ, இந்தத் தயக்கம். ஒரு மனுஷன் தன் பாரத்தையெல்லாம் முன்னால தாங்கிக்கிட்டு, ஒரு நொடி உள்ளுக்குள்ள இழுத்துப் பிடிக்கிறான். இதை ஒரு கோட்டுல சொல்றதுக்கு ஒரு ஆயுசு வேணும். புத்தகம் எப்படிப் போனாலும் போகட்டும்.” பேனாவைத் திறந்து தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். “நடுச்சுவர் உனக்குத்தான்.”

ஒத்தைக்கோடு மூச்சை விட்டான். காலையிலிருந்து முதல்முறையாகக் கோபம் இறங்கி, அது இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“டிரைவரே, வாங்கன்னு சொல்றேன்ல!” அம்மா பல்லைக் கடித்தாள்.

டிரைவர் அவள் கையை விலக்கிவிட்டு, பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடியே மெல்ல நடந்து போய், படத்தின் பக்கத்தில் நின்று, பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து தன்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“அக்கா, நீங்க ரெண்டு மாசமா தேடற என் தொப்பை இங்கதான் மாட்டியிருக்கு, மேடம் சொல்ற அந்தத் தயக்கம், என் பெல்ட்டு!”